நாங்கள் எழுதாத மருத்துவிச்சி

அடெலின் ஃபாவ்ரின் நூலை நான் தேடி வாங்கவில்லை. மகளின் மேசையில் கிடந்தது. மருத்துவிச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று அவள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லி, வீடு இரண்டு நாள் பேச்சில்லாமல் இருந்த வாரம் அது. சூரிச்சின் லிம்மாட் பதிப்பகம் வெளியிட்ட டொச் மொழிபெயர்ப்பு. தலைப்பைத் தமிழாக்கினால் 'நான், அடெலின், அனிவியே பள்ளத்தாக்கின் மருத்துவிச்சி' என்று வரும். மனதுக்குள் மொழிபெயர்த்துப் பார்த்தபோது அந்தத் தலைப்பே என்னை நிறுத்திவிட்டது. 'நான்' என்று தொடங்கித் தன் பெயரைச் சொல்லி, அதன்பின் 'மருத்துவிச்சி' என்று தன் தொழிலையும் சொல்லும் ஒரு பெண்ணை எங்கள் எழுத்தில் நான் சந்தித்ததில்லை. ஈழத்து எழுத்திலும் இல்லை, புலம்பெயர் எழுத்திலும் இல்லை. இந்தக் கட்டுரை அந்த நூலைப் பற்றியது. அந்த இல்லாமையைப் பற்றியதும்தான்.

அடெலின் 1908இல் வலே மாநிலத்தின் சென் லுக் என்னும் மலைக்கிராமத்தில் பிறந்தவர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,650 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர். இருபது வயதை எட்டுமுன் ஜெனீவா சென்று மருத்துவிச்சிப் பயிற்சி பெற்றார். 1920களின் இறுதியில் தன் பள்ளத்தாக்குக்கே திரும்பி, அரை நூற்றாண்டுக் காலம் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைப்பேறுகளைப் பார்த்தார். முதுமையில் அவர் சொன்னவற்றை மானிடவியலாளர் இவோன் பிரெய்ஸ்வெர்க் நூலாக்கினார். பிரெஞ்சு மூலம் 1981இல் வந்தது. எங்களில் பெரும்பாலானோர் இந்த நாட்டின் பெயரையே சரியாக அறியாதிருந்த காலம்.

இந்த நூலை வீரக்கதையாக வாசிப்பது எளிது. பனி, செங்குத்தான பாதை, இரவு, கையில் பையுடன் தனியே நடக்கும் இளம்பெண் என எல்லாம் இருக்கின்றன. சுவிஸ் வாசகர்களில் பலர் பழைய மலைவாழ்வின் மீதான ஏக்கத்தோடுதான் இதைக் கையில் எடுத்திருப்பார்கள். அந்தப் பள்ளத்தாக்கு மக்களின் வாழ்வும் அதற்கு இடம் கொடுக்கிறது. சியேர் நகரை ஒட்டிய திராட்சைத் தோட்டங்களுக்கும் மேலேயுள்ள கிராமங்களுக்கும் அதற்கும் மேலேயுள்ள மேய்ச்சல் நிலங்களுக்கும் ஆண்டு முழுக்கக் குடும்பமாக ஏறி இறங்கியவர்கள் அவர்கள். பிள்ளைப்பேறும் அந்த ஏற்ற இறக்கத்தில் எங்கே வாய்க்கிறதோ அங்கேதான்.

எனக்கு இந்த நூலில் முக்கியமாகப் பட்டது பயிற்சி. அடெலின் ஒரு மருத்துவிச்சியின் மகளாகப் பிறந்ததால் மருத்துவிச்சி ஆகவில்லை. தெரிவு செய்தார், ஊரைவிட்டுப் போனார், படித்தார், தகுதி பெற்றுத் திரும்பினார். அந்தத் தகுதி அவருக்கு ஓர் அதிகாரத்தைத் தந்தது. எப்போது காத்திருப்பது, எப்போது கீழே நகரத்திலுள்ள டொக்டரை அழைப்பது என்று முடிவெடுக்கும் அதிகாரம் அது. அந்த முடிவுகளை எடுத்தவருக்குக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1971இல்தான் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 62. மணமான பெண் வேலைக்குப் போகக் கணவனின் சம்மதம் வேண்டும் என்ற சட்டம் இந்த நாட்டில் 1988 வரை இருந்தது. இலங்கையில் பெண்கள் 1931இலேயே வாக்குரிமை பெற்றுவிட்டார்கள். 'நாங்கள் முன்னேறியவர்கள்' என்று மேடையில் பேசும்போது இந்த ஒப்பீட்டை நாமும் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் வாக்குச்சீட்டு முந்திக் கிடைத்த எங்கள் ஊரில், பிள்ளைப்பேறு பார்த்த பெண்ணுக்கு என்ன கிடைத்தது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லின் வரலாற்றிலேயே இருக்கிறது. டொச் மொழியின் 'ஹெபாம்மெ' பழைய வடிவத்தில் 'தூக்கியெடுக்கும் பாட்டி' என்று பொருள்படும். பிரெஞ்சில் வழக்கமாக 'சாஜ் ஃபாம்', அறிவுள்ள பெண். அடெலினின் பிரெஞ்சுத் தலைப்போ அந்த மதிப்பான சொல்லை விட்டுவிட்டு 'அக்கூஷேர்ஸ்', அதாவது பேறு பார்ப்பவள் என்ற வேலைச்சொல்லைத் தேர்ந்துகொண்டது. தமிழில் எங்களிடம் இருப்பது இவை எல்லாவற்றையும் விடப் பெரிய சொல். மருத்துவனுக்குப் பெண்பால் மருத்துவிச்சி. நேர்ப்பொருளில் பெண் வைத்தியர். அவ்வளவு பெரிய சொல்லை வைத்துக்கொண்டு அதை வீட்டின் பின்வாசலில் நிறுத்தியவர்கள் நாங்கள்.

தமிழ்நாட்டில் முடிதிருத்தும் சமூகத்துக்கு மருத்துவர் என்றும் பெயர். ஆண்கள் முடிதிருத்துவதோடு சிறு வைத்தியமும் பார்த்தார்கள், பெண்கள் பேறு பார்த்தார்கள். யாழ்ப்பாணத்திலும் பல ஊர்களில் அந்தச் சமூகத்துப் பெண்களே மருத்துவிச்சிகள். அது குடிமைத் தொழில், பிறப்பால் வந்து சேர்வது. தாயிடமிருந்தும் மாமியிடமிருந்தும் கைப்பழக்கமாகக் கற்றது. எங்கள் கணக்கில் பிள்ளைப்பேறு துடக்கு. அந்தத் துடக்கு வீட்டாருக்கு 31ஆம் நாளில் கழிந்துவிடும். பிள்ளையைக் கையேந்தியவளுக்கு ஒருநாளும் கழியாது.

இந்த இடத்தில் அடெலினின் உலகத்தை அருகில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. வலே அழுத்தமான கத்தோலிக்கப் பூமி. பிறந்த குழந்தை பிழைக்காது என்று தோன்றினால், குருவானவர் வரும்வரை காத்திராமல் மருத்துவிச்சியே ஞானஸ்நானம் கொடுக்கலாம். திருச்சபை அதற்கு இடமளித்தது, மருத்துவிச்சிகள் அதை அறிந்திருக்க வேண்டும் என்றும் எதிர்பார்த்தது. இரத்தம் பட்ட அதே கை ஒரு திருவருட்சாதனத்தையும் தரக்கூடிய கை. எங்கள் ஊரில் அந்தக் கை தொட்ட செம்பைத் தனியே வைத்தார்கள். இதை வைத்து வலேயைப் புனிதப்படுத்திவிடவும் கூடாது. பிள்ளை பெற்ற பெண் குருவானவரிடம் தனி ஆசீர்வாதம் பெற்ற பிறகே வழமைபோலக் கோவிலுக்கு வரும் வழக்கம் கத்தோலிக்க ஊர்களில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீடித்தது. அவர்களுக்கும் ஒருவகைத் துடக்கு இருந்தது. ஆனால் அது தாயோடு நின்றது. மருத்துவிச்சியின் பரம்பரைமீது ஏறவில்லை.

எங்களுக்குப் பயிற்சி வராமலும் இல்லை. மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மன்செல் எழுதிய மகப்பேற்று நூலைத் தமிழாக்கி 'பிரசவ வைத்தியம்' என்ற பெயரில் 1857இல் வெளியிட்டார். அடெலின் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மேலை மகப்பேற்று மருத்துவம் தமிழில் அச்சாகிவிட்டது. புலம்பெயர்ந்த நாங்கள் கிறீனைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறோம், அது சரியே. ஆனால் அவரிடம் அந்த நூலைப் படித்த மாணவர்கள் ஆண்கள். ஊரில் உண்மையில் பேறு பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்காக அது எழுதப்படவில்லை. அறிவு தமிழில் வந்தது. சாதியையும் பாலையும் தாண்டி அந்தப் பெண்களிடம் போகவில்லை. 1898இல் இணுவிலில் மக்லியொட் பெண்கள் மருத்துவமனை தோன்றிய பிறகே யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கென ஒரு கட்டில் வந்தது.

அதற்குப் பிறகான வரலாறு இலங்கையின் பெரிய சாதனைகளில் ஒன்று. கொழும்பில் 1879இல் தொடங்கிய டி சொய்சா பிரசவ விடுதி, 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவு, அங்கிருந்து நாடெங்கும் பரவிய மிட்வைஃப்மார். 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண் முப்பதை ஒட்டி நிற்கிறது. பெரிய வைத்தியசாலைகளால் மட்டும் வந்த மாற்றம் அல்ல இது. வீடுவீடாகச் சென்று கர்ப்பிணிகளின் பெயரைப் பதிந்து, கால் வீக்கத்தைப் பார்த்து, ஆபத்தானவர்களை நேரத்துக்கு வைத்தியசாலைக்கு அனுப்பிய பயிற்சி பெற்ற பெண்களால் வந்தது. தமிழில் அவர்களுக்குக் 'குடும்பநல மாது' என்று பெயரிட்டார்கள். மருத்துவிச்சி என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்த பெயர். எல்லாச் சாதிப் பெண்களும் அந்த வேலைக்கு வர அது உதவியிருக்கலாம். ஆனால் பழைய சொல்லும் அதைச் சுமந்த பெண்களும் அப்படியே பின்வாசலில் விடப்பட்டார்கள்.

இலக்கியம் இதை எப்படிப் பார்த்தது? தமிழில் நான் வாசித்தவற்றில் இந்த உலகத்துக்குள் ஆழமாகப் போன நாவல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. 1994இல் வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்கே ஊழியம் செய்யும் வண்ணார் குடும்பத்து ஆரோக்கியம் ஊராரின் துணி வெளுக்கிறாள், களத்தில் பங்குக்கு நிற்கிறாள், பேறும் பார்க்கிறாள். அவளுக்கு ஊதியம் என்று ஒன்று இல்லை. ஊர் மனம் வைத்துப் போடுவதுதான். அந்த நாவலின் பலம், ஆரோக்கியத்தின் கைகளில் இருக்கும் அறிவையும் அவள் மடியில் விழும் தானியத்தின் அளவையும் ஒன்றாக நம் கண்முன் வைப்பது. ஆனால் அங்கும் ஆரோக்கியம் எதையும் தெரிவு செய்யவில்லை. பேறு பார்ப்பது அவளுக்கு விதிக்கப்பட்ட பல வேலைகளில் ஒன்று. அடெலினையும் ஆரோக்கியத்தையும் அருகருகே வைத்தால் துணிவிலோ திறமையிலோ பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ஒருத்திக்கு மறுக்கும் உரிமை இருந்தது. மறுக்க முடிந்ததால்தான் அவள் ஏற்றுக்கொண்டதற்குப் பெருமை வந்தது.

இந்த வெளிச்சத்தில் என் வீட்டு மேசைக்குத் திரும்புகிறேன். சுவிஸில் மருத்துவிச்சிப் படிப்பு 2008 முதல் உயர்தொழிற் கல்லூரிகளில் இளமாணிப் படிப்பு. வின்ரர்தூர், பேர்ண், ஜெனீவா, லொசான் ஆகிய இடங்களில் நடக்கிறது. இடங்கள் குறைவு, தெரிவு கடினம். 2020 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சுகாதாரத் தொழில்கள் சட்டம் இதைத் தன் பொறுப்பில் இயங்கும் தொழிலாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. இயல்பான பேற்றை டொக்டர் இல்லாமல் நடத்தும் தகுதி உள்ளவள் மருத்துவிச்சி. எங்கள் பெற்றோர் கூட்டங்களில் 'என்ன படிக்கிறாள்?' என்ற கேள்விக்குத் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய எல்லாமே இதில் இருக்கிறது. ஆனாலும் வீட்டில் பேச்சு நின்றது.

வெளிப்படையாகச் சொன்ன காரணங்கள் வேறு. இரவு வேலை, இரத்தம், கலியாணம் ஆகாத பிள்ளை, டொக்டருக்கே படிக்கலாமே. கடைசியில் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் சொன்னதுதான் உண்மைக் காரணம்: "அது எங்கட ஆக்கள் செய்யிற வேலை இல்லைப் பிள்ளை." அந்த வசனத்தை மகள் முழுதாக விளங்கிக்கொள்ளவில்லை. தமிழர்கள் செய்யாத வேலை என்று எடுத்துக்கொண்டாள். நான் விளக்கவில்லை. 'எங்கட ஆக்கள்' என்பது யார் என்று இங்கே பிறந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் சாதியையே சொல்லிக்கொடுத்ததாகும், சொல்லாமல் விட்டால் அதற்குத் துணைபோனதாகும் என்று எனக்குள் ஒரு வாதம். அந்த வாதத்துக்குள் ஒளிந்துகொண்டு பேசாமல் இருந்தேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த நாட்டுக்கு வந்த முதல் தலைமுறையில் எத்தனை பேர் வயோதிபர் இல்லங்களிலும் வைத்தியசாலைகளிலும் வேலை செய்தோம்! முதியவர்களைக் கழுவினோம், படுக்கை மாற்றினோம், பிரசவ அறைகளின் நிலத்தைத் துடைத்தோம். ஊரில் எந்தச் சாதியிடம் விட்டிருப்போமோ அந்த வேலைகளையெல்லாம் இங்கே செய்தோம். கூச்சப்படவில்லை, ஏனென்றால் ஊரார் பார்க்கவில்லை, சம்பளத்தாள் பேர்ணிலோ சூரிச்சிலோ அச்சானது. ஆனால் மருத்துவிச்சி என்ற சொல்லுக்கு ஊரின் வாசம் இருக்கிறது. அதை மகள் வாயால் கேட்டதும் மூன்று பத்தாண்டு சுவிஸ் வாழ்வு ஒரு நிமிடத்தில் கழன்று விழுந்தது.

இந்தத் தயக்கம் எங்கள் பெண்களுக்கு உண்மையான இழப்பு. பிள்ளை பெற்று வீடு வந்த தாயை மருத்துவிச்சி வீட்டுக்கே வந்து பார்க்கும் செலவை இங்கே கட்டாய மருத்துவக் காப்புறுதி ஏற்கிறது. முதல் 56 நாட்களுக்குள் பத்துத் தடவை. முதற்பிள்ளை, இரட்டைப் பிள்ளைகள், குறைமாதம், சத்திரசிகிச்சை என்றால் பதினாறு தடவை. யோசித்துப் பார்த்தால், ஒரு தமிழ் வீட்டின் படுக்கையறைவரை வரும் சுவிஸ்காரர் அவர் ஒருவர்தான். அவர் வரும் நேரத்தில் குசினியில் அம்மம்மா சரக்கு அரைத்துக்கொண்டிருப்பார். வேது வைத்த தண்ணீரின் மணம் வீடு முழுக்க இருக்கும். அவர் தாயிடம் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்வது பெரும்பாலும் கணவன், சில வேளை மைத்துனி. இரவில் அழுகை வருகிறதா என்று கேட்டால் கணவன் சிரித்துக்கொண்டு இல்லை என்பான். என் முதற்பிள்ளையின்போது நானும் அப்படித்தான் மொழிபெயர்க்கப்பட்டேன்.

பேர்ணில் மமாமுண்டோ போன்ற அமைப்புகள் தமிழ் உட்படப் பல மொழிகளில் பேற்று ஆயத்த வகுப்பு நடத்துவது நல்ல முயற்சி. ஆனால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நடுவில் இருப்பதும், மருத்துவிச்சியே உன் மொழியில் கேட்பதும் ஒன்றல்ல. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. தமிழ் மருத்துவிச்சி வேண்டவே வேண்டாம் என்று சொல்லும் பெண்களை எனக்குத் தெரியும். நாளைக்கு அவரைக் கோவில் திருவிழாவில் சந்திக்க வேண்டும், நான் கத்தியது அவருக்குத் தெரியும் என்பார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. சின்னச் சமூகத்தில் இரகசியம் பேணுவதும் தொழிற்பயிற்சியின் பகுதி என்று நம்புவதற்கு எங்களுக்கு இன்னும் பழக்கமில்லை. படித்து, சட்டப்படி வாய் மூடக் கடமைப்பட்ட எங்கள் பெண்கள் நாலு பேர் அந்த வேலையில் இருந்தால்தான் அந்தப் பழக்கம் வரும்.

அடெலினின் நூலுக்கு மீண்டும் வருகிறேன். அதன்மீது எனக்கு ஒரு குறை உண்டு. நாம் படிப்பது அடெலினின் பேச்சை அல்ல, பேச்சிலிருந்து இன்னொருவர் ஆக்கிய எழுத்தை. எதைக் கேட்டார்கள், எதைச் சொல்ல அவர் விரும்பவில்லை, எது வெட்டப்பட்டது என்பதை வாசகரால் அறிய முடியாது. எண்ணாயிரம் பேறுகள் என்று சொல்லும்போது அந்த எண் அடெலினின் உழைப்பைக் காட்டுகிறது. ஆனால் எண்ணாயிரம் தடவை கட்டிலில் கிடந்த பெண்களின் குரல் அதனுள் இல்லை. அவர்கள் கதைக்குள் வருவதெல்லாம் அடெலினின் கண்வழியேதான். மருத்துவிச்சியின் நினைவு என்ற வகை எழுத்துக்கே உள்ள எல்லை இது. இங்கிலாந்தில் ஜெனிஃபர் வேர்த் 2002இல் எழுதி, பின்னர் தொலைக்காட்சித் தொடராகப் பெயர் பெற்ற நினைவுநூலுக்கும் இந்த எல்லை உண்டு. தாயின் கதை எப்போதும் இன்னொருத்தியின் பைக்குள் இருக்கிறது.

குறையைச் சொன்ன பிறகும் இந்த நூலை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். கேட்க ஓர் ஆள் வந்து உட்கார்ந்ததால்தான் அடெலின் பேசினார். எங்கள் ஊர்களில் பேறு பார்த்த பெண்களிடம் அப்படி யார் போய் உட்கார்ந்தார்கள்? எங்கள் பத்திரிகைகள் போராளிகளின் நினைவுகளை வெளியிட்டன, எழுத்தாளர்களின் நேர்காணல்களை வெளியிட்டன, அகதிப் பயணங்களைப் பக்கம் பக்கமாக வெளியிட்டன. எல்லாம் தேவைதான். இடம்பெயர்ந்த காலங்களில், வைத்தியசாலைக்குப் போக முடியாத இரவுகளில் பேறு பார்த்த ஒரு பெண்ணின் வாக்குமூலம் மட்டும் என் கண்ணில் படவில்லை. வன்னியிலும் குடாநாட்டிலும் வேலை செய்து ஓய்வுபெற்ற குடும்பநல மாதுகள் இன்னும் இருக்கிறார்கள். சிலர் பிள்ளைகளோடு இங்கேயும் இருக்கிறார்கள். ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் சில மாலைப்பொழுதுகளும் போதும், இந்தச் சஞ்சிகையே அதைத் தொடங்கலாம்.

நான் தொடங்கிய இடத்தைச் சொல்லி முடிக்கிறேன். நூலை வாசித்து முடித்ததும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மம்மாவின் ஏழு பிள்ளைகளும் வீட்டிலேயே பிறந்தவர்கள், பெரியம்மாவே மூத்தவர். பேறு பார்க்க வந்த மருத்துவிச்சியின் பெயர் என்னவென்று கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்தார். அவள் வருகிற ஒழுங்கை நினைவிருக்கிறது என்றார், வெற்றிலைப் பை நினைவிருக்கிறது, கடைசித் தம்பி கொடி சுற்றிப் பிறந்தபோது அவள்தான் காப்பாற்றினாள் என்பதும் நினைவிருக்கிறது. பெயர் வரவில்லை. "மருத்துவிச்சி எண்டுதான் கூப்பிடுவம், பெயர் ஆர் கேட்டது?" என்றார்.

அன்றிரவு மகளிடம் 'எங்கட ஆக்கள்' என்ற அந்த வசனத்தின் பொருளை முழுதாகச் சொன்னேன். பெயர் தெரியாத அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது, என்மீதும் வந்தது. அடுத்த நாள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். கிடைக்குமா தெரியாது, இடங்கள் குறைவு. கிடைத்தால் தமிழில் தன்னை எப்படிச் சொல்வது என்று கேட்டாள். 'குடும்பநல மாது' என்றும் சொல்லலாம் என்று தொடங்கினேன். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.